வாசகர் கேள்வி பதில்: துப்பாக்கிக் குழலுக்கு வீட்டில் கலக்கும் கரைப்பான்

கேள்வி: நான் குறிசுடும் மன்றம் ஒன்றில் உறுப்பினர். குழலைத் துடைக்கும் கரைப்பான் சிறு குப்பிகூட விலை கூடுதலாக இருக்கிறது. ஆட்டோ கியர் வண்டிகளுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெய், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட் (சாயத்தை இளக்கும் பெட்ரோலியத் திரவம்), அசிட்டோன் ஆகிய நான்கையும் சம அளவில் கலந்தால் அதே வேலை நடக்கும் என்று அமெரிக்காவில் இருக்கும் நண்பர் எழுதியிருக்கிறார். இதை என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கலந்து வைத்துக்கொள்ளலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் சொன்ன கலவை உண்மையானது. எட் ஹாரிஸ் என்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் வகுத்த இதனை, ஏடிஎஃப் எண்ணெயின் சிவப்பு நிறம் படிந்திருப்பதால், அங்குள்ளவர்கள் 'எட்ஸ் ரெட்' என்கிறார்கள். ஏனோதானோ என்று சேர்த்த பொருள்கள் அல்ல இவை. அசிட்டோன் வெடிமருந்தின் பிசுபிசுப்பான படிவை விரைவாக இளக்குகிறது. மண்ணெண்ணெயும் மினரல் ஸ்பிரிட்டும் நுண்ணிய இடுக்குகளில் ஊடுருவி அழுக்கை வெளியே கொண்டுவருகின்றன. ஏடிஎஃப் எண்ணெயில் ஏற்கெனவே கலந்திருக்கும் அழுக்கு நீக்கிகளும் துருத்தடுப்புச் சேர்மானங்களும் கரியை மீண்டும் உலோகத்தில் ஒட்டவிடாமல் தாங்கி நிற்பதோடு, மற்றவை ஆவியான பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலமாகவும் தங்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் நிறைந்த நம் ஊர்க் காற்றில் இந்தக் கடைசிப் பண்பு மிகவும் வேண்டப்படுவது.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. அமெரிக்காவின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலையில் முன்பு பயன்படுத்திய கலவையில் அசிட்டோன், டர்பன்டைன், தூய்மைப்படுத்திய மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயும் இருந்தது. ஹாரிஸ் அந்த எண்ணெயின் இடத்தில் ஏடிஎஃப்பை வைத்தார். 1970களின் தொடக்கம் வரை ஏடிஎஃப் எண்ணெயிலேயே திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்ததையும், திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்த பின்னரே தொழிற்சாலைகள் அதற்கு மாற்றுச் சேர்மானங்களைக் கண்டறிந்ததையும் நினைத்துப் பார்த்தால், அவருடைய தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

ஆயினும் இக்கலவை எல்லாவற்றையும் நீக்கிவிடாது. தோட்டாவின் செம்பு உறை குழலில் விட்டுச்செல்லும் படிவை இது தொடுவதில்லை. அதற்கு அம்மோனியா கலந்தது போன்ற தனிக் கரைப்பான் வேண்டும். பழைய இராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் பற்றவைப்பு மருந்து பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச்செல்லும். உப்பு நீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது என்பதால், அத்தகைய தோட்டாவைச் சுட்ட குழலை முதலில் வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். என் பதில், 'வேண்டாம்' என்பதே. அசிட்டோன் சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை 38 பாகை அல்லது அதற்கும் மேல். அதாவது மண்ணெண்ணெய் மட்டும் இருக்கும் குப்பியைவிட, அசிட்டோன் கலந்த குப்பி நம் வீட்டு வெப்பத்தில் பன்மடங்கு ஆபத்தானது. அசிட்டோன் ஆவி காற்றைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ளது. மேலே கலைந்து போகாமல் தரையோடு பரவி, பக்கத்து அறையின் எரிவாயு அடுப்பையோ பூசை விளக்கையோ எட்டக்கூடும். அமெரிக்காவில் இதைக் கலப்பவர்கள் பெரும்பாலும் தனி வீட்டின் வண்டிக் கொட்டகையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கலக்கிறார்கள். அடுத்த குடும்பத்தின் சுவரே நம் சுவராக இருக்கும் அடுக்குமாடியில் அந்த வசதி இல்லை. காற்றோட்டம் குறைந்த இடத்தில் அசிட்டோனைச் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று ஹாரிஸே கூறியிருக்கிறார். கலவை சற்று மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. சிங்கப்பூரில் விளையாட்டுத் துப்பாக்கிகள் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கின்றன. உறுப்பினர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச்செல்வதில்லை. குழலையோ, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டையோ மட்டும் கழற்றிக் கொண்டுபோய்த் துடைத்துத் தருவதாகவும் எண்ண வேண்டாம். துப்பாக்கியின் பாகமும் சட்டத்தின் முன் ஆயுதமே. ஆகவே துடைக்கும் வேலை மன்றத்தில் நடக்கட்டும், கரைப்பானும் அங்கேயே இருக்கட்டும். நான்கைந்து உறுப்பினர்கள் சேர்ந்து பெரிய குப்பியாக வாங்கினால் விலையும் தாங்கக்கூடியதாகிவிடும். வீட்டில் ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால், அதைத் தண்ணீர்ப் புட்டியில் வைக்காதீர்கள். சிவந்த பானம் என்று பிள்ளைகள் குடித்துவிடக்கூடும். கழுவுதொட்டியிலும் ஊற்றாதீர்கள், எரியும் திரவத்தைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது குற்றம்.

கேள்வி: என் மகள் பள்ளி இணைப்பாட நடவடிக்கையாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயில்கிறாள். அந்தத் துப்பாக்கிக்கும் இத்தகைய கரைப்பான் தேவையா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: தேவையில்லை, பயன்படுத்தவும் கூடாது. ஏர் ரைஃபிளில் வெடிமருந்து எரிவதில்லை என்பதால் கரைப்பதற்குக் கரியே இல்லை. மெல்லிய ஈயப் படிவு மட்டும் இருக்கும். அதற்கென விற்கும் கம்பளித் துகள் உருண்டைகளைக் குழல் வழியே செலுத்தினாலே போதும். அழுத்தக் காற்றைக் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்களை அசிட்டோனும் பெட்ரோலிய எண்ணெய்களும் உப்பவோ விரிசலிடவோ செய்யும். சுருள்வில்லால் இயங்கும் ஏர் துப்பாக்கிகளில் எண்ணெய் உள்ளே புகுந்தால், திடீர் அழுத்தத்தில் அது தீப்பற்றி, குண்டின் வேகத்தைத் தாறுமாறாக்கிவிடும். பயிற்றுநர் காட்டிய முறையை மட்டும் உங்கள் மகள் பின்பற்றட்டும்.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கும் என் மகன், ரைஃபிளைத் துடைப்பதற்கே அரை நாள் போய்விடுகிறது என்கிறான். வீட்டிலிருந்து ஏதேனும் கரைப்பான் கொடுத்தனுப்பலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, அம்மா, ஆனால் கொடுத்தனுப்பாதீர்கள். தேசிய சேவையாளர்கள் பயன்படுத்தும் எஸ்ஏஆர் 21 ரைஃபிளின் உடல் பிளாஸ்டிக் கலப்புப் பொருளால் ஆனது. தோட்டாப் பெட்டி உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக். மேலே பொருத்திய தொலைநோக்கியில் பூச்சிட்ட கண்ணாடி இருக்கிறது. பல பிளாஸ்டிக் வகைகளை அசிட்டோன் மங்கவோ விரிசலிடவோ செய்யும். வீரியமான கரைப்பான் அழுக்கோடு சேர்த்து உராய்வைக் குறைக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். மீண்டும் எண்ணெய் இட மறந்தால் நம் ஈரக்காற்றில் துரு பிடிக்கும். படையில் தரும் எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்ட பிறகு தேய்த்தால் கரி எளிதாக வரும். இளைஞர்கள் அவசரத்தில் உடனே தேய்க்கத் தொடங்குவதால்தான் நேரம் நீள்கிறது. எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், நூல் பிரியாத பழைய பருத்தித் துணியைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கொடுங்கள்.