கேளுங்க, சொல்றோம்: வண்டியில தொட்டி, பம்புக்குத் தண்ணி

கேள்வி: குட்டி யானையில பிரஷர் வாஷர் பூட்டி, கோழிப்பண்ணையும் மில் ஷெட்டும் கழுவித் தர்றேனுங்க. பெட்ரோல் இன்ஜின், 200 பார், நிமிஷத்துக்கு 15 லிட்டர். 500 லிட்டர் தொட்டி அரை மணி நேரத்துல காலியாயிருது. 1,000 லிட்டருக்கு மாத்திரலாமுங்களா? இன்னொண்ணு, தொட்டி கால்வாசிக்கு இறங்குனா கன் விட்டு விட்டு அடிக்குது. பம்புல கரகரன்னு சத்தம். – பல்லடம் வாசகர்

பதில்: பெரிய தொட்டி வேண்டாமுங்க. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் வண்டி சுமக்கும் பாரம். 500 கிலோ தண்ணீர், தொட்டி, மிஷின், ஓஸ் சுருள், ஆள் இரண்டு என்று கூட்டினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 1,000 லிட்டர் ஏற்றினால் முதலில் போவது பிரேக்கும், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையும்.

வழி வேறு இருக்கிறது. வேலை நடக்கும் இடத்துக் குழாயைத் தொட்டிக்கு இழுத்து விடுங்கள். அதற்கு முன் 15 லிட்டர் பக்கெட்டை வைத்து, குழாயை முழுசாகத் திறந்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால் வரத்து ஏழரை லிட்டர். மிஷின் குடிப்பது 15. நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர்தான் தொட்டியிலிருந்து குறையும். கன்னை விடாமல் அழுத்தினாலும் 66 நிமிஷம் தாங்கும். யாரும் அப்படி விடாமல் அடிப்பதில்லையே! பாதி நேரம் அடித்து, பாதி நேரம் இடம் மாற்றினால் தொட்டி தீரவே தீராது. பக்கெட் நிறைய மூன்று நிமிஷம் ஆனால் கணக்கு 50 நிமிஷமாகக் குறையும்.

தொட்டி வாயில் மிதவை வால்வு போடுங்கள். தண்ணீர் விழும் நுனி, நிறைந்த மட்டத்துக்கு நாலு விரல் மேலேயே நிற்க வேண்டும். ஓஸை உள்ளே முக்கிப் போடும் பழக்கம் ரொம்பத் தப்பு. குழாயில் வரத்து நின்று அழுத்தம் இறங்கினால், தொட்டித் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சி, பண்ணைக்காரர் வீட்டார் குடிக்கும் லைனிலேயே கலந்துவிடும்.

அந்தக் கரகர சத்தம், தண்ணீர் போதாமல் பம்பு பசியில் போடும் சத்தம். இதைத்தான் உடனே பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வால்வும் சீலும் தேய்ந்து பம்பே போய்விடும். மட்டம் இறங்கும்போது தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். பம்புக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்க்குமேல் சுழி விழுந்து, நடுவில் காற்று குழாய்போல இறங்குவது தெரியும். அந்தக் காற்றைத்தான் பம்பு விழுங்குகிறது. கடைசி நாலு அங்குலத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

அடுத்து, தொட்டியிலிருந்து வரும் ஓஸைப் பம்பு முனையில் கழற்றி, பம்பு வாய் இருக்கும் அதே உயரத்தில் பக்கெட்டுக்குள் விடுங்கள். மட்டம் கால்வாசியில் இருக்கும்போதும் 15 லிட்டர் 40 விநாடிக்குள் நிறைய வேண்டும். நிறையவில்லை என்றால் பாதை குறுகல். தொட்டி நிப்பிள் (ஓஸ் மாட்டும் குட்டைக் குழாய்), திறந்து மூடும் பால் வால்வு, ஓஸ் மூன்றும் ஒரு இன்ச் இருக்கட்டும். இடையில் ஒரே ஒரு அரை இன்ச் நிப்பிள் இருந்தாலும் மற்றதெல்லாம் வீண். ஓஸ் கம்பி சுற்றிய சக்‌ஷன் ஓஸாக இருக்க வேண்டும். தோட்டத்து ஓஸ் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. பைப்பை நேராக ஒட்டாதீர்கள். இன்ஜின் அதிர்வில் கழுத்தில் விரிசல் விடும். அந்த விரிசலில் தண்ணீர் ஒழுகாமலேயே காற்று உள்ளே போகும் என்பதால் கண்டுபிடிப்பதும் சிரமம். கிளிப் போட்ட இடங்களில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். மிஷின் ஓடும்போது நுரை உள்ளே இழுபட்டால் அங்கேதான் ஓட்டை.

கன் விசையை விட்டதும் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் அப்படி ஓடவிடாதீர்கள். அப்படிச் சுற்றும் தண்ணீர் போகும் பைபாஸ் லைனைத் தொட்டிக்கே திருப்பி, எடுக்கும் வாய்க்கு எதிர்மூலையில் விட்டால் சூடும் குறையும், குமிழியும் பம்புக்கு வராது.

கேள்வி: போர் தண்ணியில மணல் வருதுங்க. ஃபில்டர் பம்புக்கு முன்னாடியா, பின்னாடியா? – கோபி வாசகர்

பதில்: முன்னாடிதான். மணல் பிளஞ்சர் (பம்புக்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டு) சீலைக் கீறிவிட்டால் பம்புக்கு அடியில் சொட்ட ஆரம்பிக்கும். தெரியும் கிண்ணம் வைத்த, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) வலை ஃபில்டர், ஒரு இன்ச் வாயுடன் வாங்குங்கள். தினமும் கழுவுங்கள், அடைத்த ஃபில்டரும் பம்பைப் பட்டினி போடும். தொட்டியின் எடுக்கும் வாய் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும். மணல் கீழேயே தங்கும். அதைக் கழுவிவிட அடியில் தனியாக ஒரு டிரெயின் வால்வு.

கேள்வி: வால்பாறை எஸ்டேட் வேலைக்குத் தொட்டியை நிறைச்சுக்கிட்டு ஏறலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: முழுக்க நிறைத்தோ, முழுக்கக் காலியாகவோ ஏறுங்கள். பாதித் தொட்டிதான் ஆபத்து. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். நெட்டைத் தொட்டியை விடக் கிடைத்தொட்டி நல்லது. கேபின் சுவரை ஒட்டி வைத்து, ராட்செட் பெல்ட் இரண்டை சேசிஸோடு சேர்த்துப் போடுங்கள். பாடி தகட்டில் போட்ட கொக்கி பிய்ந்துவிடும். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் காலியாகவே போவது மேல்.

கேள்வி: சோலார் பேனல் கழுவுனா வெள்ளைத் திட்டு நிக்குது. – உடுமலை வாசகர்

பதில்: அது போர் தண்ணீரின் உப்பு. கழுவ எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் 50 லிட்டர் கேனில் தனியாக வையுங்கள். பேனலில் பிரஷர் கன் வேண்டாம். மெத்தென்ற பிரஷ்ஷும் சாதா ஓஸும் போதும். வெயில் ஏறிச் சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள்.