மென்திசுப் புற்றுநோயில் எந்த வகை அதிகம் வருகிறது?

வயதைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் தோன்றும் இந்தப் புற்றுநோய்கள் (சார்கோமாக்கள்), பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் அதற்குள் 50க்கும் மேற்பட்ட வகைகள்.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுபவை லைப்போசார்கோமா (கொழுப்பு), லியோமயோசார்கோமா (மென்தசை), எந்தத் திசுவைச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாத பிளியோமார்பிக் சார்கோமா. வயிற்றின் பின்புறம் வளர்பவற்றில் முதல் இரண்டும் அதிகம். இரைப்பை, குடலில் வரும் ஜிஸ்ட் கட்டியையும் சேர்த்தால் வரிசை மாறிவிடும்.

குழந்தைகளிடம் கதையே வேறு: அவர்களுக்கு வரும் சார்கோமாக்களில் ஏறத்தாழ பாதி ராப்டோமயோசார்கோமா (எலும்புத்தசை). இளவயதினரிடம் சைனோவியல் சார்கோமா. பெயர்தான் மூட்டுச்சவ்வைச் சொல்கிறது, அது அங்கிருந்து தோன்றுவதில்லை.

பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம். அவற்றில் முதலிடத்தில் இருக்கும் 'மேலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா' என்ற பெயர் இப்போது வழக்கில் இல்லை. திசுச் சாயப் பரிசோதனைகள் மேம்பட்டபின் அதில் பலவும் வேறு வகைகளுக்குப் போய்விட்டன.

உடலில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகளே. 5 செ.மீ.க்கு மேல், ஆழமாக, வளர்ந்துகொண்டே இருந்தால் முதலில் எம்ஆர்ஐ, பிறகு ஊசி பயாப்ஸி (ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது). நேரடியாக வெட்டியெடுத்தால் புற்றணுக்கள் சுற்றுத்திசுவில் தங்கிவிடலாம். அடுத்த அறுவைசிகிச்சை பெரிதாகும்.