மலைத்தீவுகளில் வாடகைக் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாங்கள் ஒன்பது பேர், அடுத்த மாதம் ஒரு தீவுக்குச் செல்கிறோம். எந்தக் கார் நல்லது?

எந்தத் தீவு, ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தங்குமிடம் கடற்கரையிலா மலைமேலா, பெட்டிகள் எத்தனை என்ற நான்கில் ஒன்றைக்கூட எழுதாமல் இப்படிக் கேட்டால், ஓடுகிற கார் நல்லது என்றுதான் பதில் எழுத முடியும். ஆள் எண்ணிக்கையை மட்டுமாவது சொன்னீர்கள் என்பதற்காக இவ்வளவு: நம்பிக்கையாக ஓட்டக்கூடியவர்கள் இருவர் இருந்தால் நடுத்தர அளவிலான ஐந்து இருக்கைக் கார்கள் இரண்டு எடுங்கள், ஒருவர்தான் என்றால் ஓட்டுநருடன் வரும் வேனை அமர்த்துங்கள்.

ஏழு பெரியவர்கள். ஏழு இருக்கை எஸ்.யு.வி. ஒன்று எடுத்தால் இரண்டு கார்களைவிட மலிவாக வருகிறது. போதும்தானே?

போதாது. மாதம் தவறாமல் வரும் கேள்வி இது. மாதம் தவறாமல் நான் எழுதும் பதிலும் இதுதான்: இருக்கையை எண்ணாதீர்கள், எடையை எண்ணுங்கள். ஏழு இருக்கை என்பது ஏழு பேர் உட்காரலாம் என்பதற்கு மட்டுமே உறுதி. ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஒரே நேரத்தில் மலையிறங்கலாம் என்பதற்கு அல்ல. இத்தகைய வண்டிகள் சுமக்கக்கூடிய எடை பெரும்பாலும் 500 முதல் 600 கிலோ வரைதான். ஆளுக்கு 70 கிலோ, பெட்டிக்கு 15 கிலோ என்று வைத்தாலே கணக்கு 600 கிலோவைத் தொட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்திய பின் டிக்கியில் எஞ்சுவது இரண்டு தோள்பைகளுக்கான இடம். மீதிப் பெட்டிகள் கூரைக்குப் போகும். வண்டியின் எடை மையம் மேலே ஏறும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்வதை மூன்றாம் வரிசையில் இருப்பவர்தான் முதலில் உணர்வார்.

இவ்வளவையும் சொன்னால், எஞ்சின் பெரியது, ஏறிவிடும் என்று பதில் எழுதுகிறார்கள். ஏறுவதைப் பற்றி யார் கேட்டார்கள்? மலைத்தீவில் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இறக்கத்தை மனத்தில் வைத்துத்தான். ரியூனியன் தீவில் ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிலாவோஸ் ஊருக்குச் செல்லும் சாலையில் சுமார் 400 வளைவுகள் உள்ளன. அதில் பாதி உயரத்தை, அதாவது 600 மீட்டரை, ஆட்களோடும் பெட்டிகளோடும் 2.4 டன் எடையுள்ள வண்டி ஒன்று இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் எதிர்ப்பும், கியரைக் குறைத்திருந்தால் எஞ்சினும், அதில் ஒரு பங்கை ஏற்கும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது என்பதால் ஈரக்காற்று வீசும் தீவுகளில் இது கூடுதல் கவலை: புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் டாட் 3 வகைத் திரவம், ஈரம் சேர்ந்த பின் 140 டிகிரி அளவிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகும், பெடல் தளர்ந்து அடிவரை போகும், வண்டி நிற்காது. வாடகை வண்டியின் பிரேக் திரவத்தைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று உங்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் வண்டியைத் தருபவருக்கும் தெரியாது.

ஆகவே இரண்டு கார்கள். ஒன்று பஞ்சரானால் மற்றது இருக்கும். கடலுக்குப் போக விரும்புபவர்களும் மலைக்குப் போக விரும்புபவர்களும் சண்டையில்லாமல் பிரியலாம். குறுகிய சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கவும் முடியும். ஏழு இருக்கை வண்டியே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஐந்து பேருக்கு எடுத்து, மூன்றாம் வரிசையை மடக்கிப் பெட்டிகளை வையுங்கள். அந்த வேலைக்கு அது அருமையான வண்டி.

அப்படியானால் பதினைந்து இருக்கை வேன் ஒன்றை நாங்களே ஓட்டிச் சென்றால் என்ன?

வேண்டாம். இந்த வகை வேன்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால் கவிழும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்று அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2001-இலேயே எச்சரித்தது. தவிர, பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமம் ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேர் வரைதான் செல்லும்.

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

தார்ச் சாலைக்குத் தேவையில்லை. சேற்றிலும் சரளைக் கல்லிலும் அது வண்டியை முன்னே தள்ளும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை ஓரடிகூடக் குறைக்காது. ஹவாயின் மௌனா கியா போன்ற விதிவிலக்குகள் உண்டு: அங்கே சுமார் 2800 மீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தைத் தாண்டினால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்தான் செல்லலாம். ஆனால் அத்தகைய சாலைகளில் வண்டியை ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட சிறிய கார், நான்கு பேர். மலை ஏறுமா?

ஏறும், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டு ஏறும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்து விழுக்காடு திறனை இழக்கும் என்றாலும், பெரும்பாலான தீவுகளில் சாலைகள் அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை. நான்கு பேருக்கு, அதுவும் சிறிய பெட்டிகளோடு என்றால், தாராளமாக எடுங்கள். ஐந்தாவது ஆளை ஏற்றிவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? எங்கள் குழுவில் மூவர் மாற்றி மாற்றி ஓட்டுவோம்.

மூவரில் அனுபவம் குறைந்தவருக்கு எது வருமோ அதுவே. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருண்டு, பின்னாலிருப்பவரின் பம்பரைத் தொடும் விபத்துகளை ஆட்டோமேட்டிக் பெருமளவு தவிர்த்துவிடும். ஆனால் கியர்க் கம்பியில் ‘எல்’, ‘எஸ்’, ‘பி’ (ஆங்கில B, நிறுத்திவைக்கும் P அல்ல) அல்லது ‘2’ போன்ற தாழ்நிலை ஏதேனும் உண்டா என்று வண்டியை எடுக்கும்போதே பார்த்து, அதைப் பயன்படுத்தவும் பழகுங்கள். ‘டி’யில் போட்டுவிட்டுப் பிரேக்கில் கால் வைத்தபடியே மலை முழுவதும் இறங்குவது, மேலே சொன்ன கொதிக்கும் திரவத்துக்கு நேர்வழி. மூவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது மோதினால் காப்பீடு பெரும்பாலும் செல்லாது.

தங்குமிடம் மலையுச்சியில் இருக்கிறது, சார்ஜரும் உண்டு. மின்சாரக் கார் எடுக்கலாமா?

எடுக்கலாம், இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் என்பதால் மலைக்கு அது நல்ல துணை. ஒரே எச்சரிக்கை: உச்சியில் இரவெல்லாம் சார்ஜ் செய்து பேட்டரியை முழுமையாக நிரப்பிவிட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமே இருக்காது, பல கார்களில் மோட்டாரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, பிரேக்கே எல்லாவற்றையும் சுமக்க நேரிடும். எண்பது விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

செல்லும் தீவில் சாலையின் எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும்?

மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இடப்பக்கம். அண்டையிலிருக்கும் ரியூனியனில் வலப்பக்கம். விசித்திரமானவை அமெரிக்க வர்ஜின் தீவுகள்: ஓட்டுவது இடப்பக்கம், ஆனால் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் இடப்பக்கமே. அங்கே ஓட்டுநருக்குச் சாலையோரம் நன்றாகத் தெரியும், எதிரே வருவது தெரியாது. முன்னிருக்கையில் தூங்காத ஒருவரை உட்காரவைத்து, அவர் பார்த்துச் சொல்லும்வரை முன்னால் போகும் வண்டியை முந்தாதீர்கள். ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள மலைச்சாலையில், சாலைப் போக்குவரத்து பற்றி நாடுகள் செய்துகொண்ட 1968-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, இறங்குபவரே ஒதுங்கி ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் சேராத நாட்டிலும் அதுவே நல்ல பழக்கம்.

‘முழுக் காப்பீடு’ எடுத்துவிட்டோம். இனிக் கவலை இல்லைதானே?

காகிதத்தைப் படித்துவிட்டா எழுதுகிறீர்கள்? முழுக் காப்பீடு என்று கவுண்டரில் சொல்லப்படும் பலவற்றில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை ஆகியவை சேர்வதில்லை. மலைத்தீவில் சேதமாவதோ பெரும்பாலும் இவைதான். படகில் ஏற்றி வேறு தீவுக்குக் கொண்டுசெல்வதையும், மண் சாலையில் ஓட்டுவதையும் தடுக்கும் விதிகள் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அலுவலர் வாயால் தரும் அனுமதி அனுமதியே அல்ல, எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டாம், டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் காற்றடிக்கும் சிறு கருவியும் ஓட்டையை அடைக்கும் திரவமும்தான் இருக்கும். ஆணி குத்திய பஞ்சருக்கு அது உதவும். எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும்போது ஓரக்கல்லில் உரசி டயரின் பக்கவாட்டு கிழிந்தால் உதவாது. உண்மையான ஸ்டெப்னி இருக்கும் வண்டியைக் கேட்டு வாங்குங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கூடவே இருக்கின்றனவா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.