கடலூர்–புதுச்சேரி கடலை ஆராயப் பல நிறுவனங்கள் ஏன் சேர வேண்டும்? சேர்ந்தால் எங்கே இடிக்கிறது?

யார் யார் சேர வேண்டும் என்பதை ஆபத்தின் தன்மைதான் முடிவு செய்கிறது. மணல் அரிப்பையே பாருங்கள். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வந்ததும் தெற்கே மணல் மேடானது, வடக்கே கரை அரித்துப்போனது. சுவர் இருப்பது யூனியன் பிரதேசத்தில்; அடி வாங்கிய பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டத்தில். ஆகவே இரு தரப்பும் ஒரே மாதத்தில், உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டத்தை (அடிமட்டம்) ஒன்றாக வைத்து அளக்க வேண்டும். ஒருவர் சராசரிக் கடல்மட்டத்தையும் மற்றவர் கடல் வரைபட அடிமட்டத்தையும் (கடல் மிகத் தாழ வற்றும்போதுள்ள மட்டம்) வைத்தால் சுமார் அரை மீட்டர் வித்தியாசம் வரும். இருபதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் அது பத்து மீட்டர் பொய் அரிப்பு. ஒருவர் செப்டம்பரிலும் இன்னொருவர் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியிலும் அளந்தாலும் இதே கதைதான்.

கடலூரில் பிரச்சினை வேறு: மாசு. சிப்காட் ஆலைகள் உப்பனாற்றங்கரையில் இருக்கின்றன. ஆறு கடலில் கலக்கிறது. இங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம், சென்னை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் போன்றவை தனித்தனியே படகு எடுத்துப் போய் எடுக்கும் எண்களை அருகருகே வைத்தால் சண்டைதான் மிஞ்சும். ஆண்டுக்கு நாலு கூட்டம் போடுவதைவிட, நீரடியில் எடுத்த ஒரே சேற்றை ஒருமுறை பிரித்துக்கொண்டு எல்லாரும் உலோகம் சோதிப்பது மேல்.

நீரடிச் சேற்றைக் கவ்வி எடுக்கும் அள்ளிக் கருவியின் உலோகச் சுவரைத் தொடாமல், நடுவிலிருந்து மேல் 2 செ.மீ. சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். ஒரே தொட்டியில் நன்றாகக் கலக்கி, மூன்று பங்காக்கி உறையவையுங்கள். உலோகம் களிமண்ணில்தான் ஒட்டும். 63 மைக்ரான் நைலான் சல்லடைக்குக் கீழே போவதைச் சோதிக்காவிட்டால், முகத்துவாரத்து மணல் சுத்தமாகத் தெரிந்து ஏமாற்றும். அடுத்தது கரைக்கும் முறை. ஓர் ஆய்வுக்கூடத்தில் அக்குவா ரீஜியா (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை), இன்னொன்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றால் குரோமியம் கட்டாயம் ஒத்துப்போகாது. முதலாவது, மணலிலும் களிமண்ணிலும் உள்ள சிலிகேட் கனிமங்களை முழுதாகக் கரைக்காது. எனவே உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்றையும் எல்லாரும் சேர்த்து ஓட்ட வேண்டும்.

தண்ணீரில் உலோகம் பார்க்க, 10% நைட்ரிக் அமிலத்தில் ஊறிய பாட்டில். எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் முன்பக்கத்திலிருந்து, காற்று எதிரே வர எடுங்கள். வடிகட்டியபின் பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை அமிலம் சேருங்கள். கரைந்த ஆக்சிஜனை மட்டும் பகிர்ந்து அனுப்ப வழியில்லை. 300 மி.லி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசுக் கரைசலும் கார அயோடைடும் தலா 1 மி.லி. படகிலேயே விட்டாக வேண்டும். கரைக்கு வந்தபின் ஊற்றினால் அது வேறு தண்ணீர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விசைப்படகை நம்பித் திட்டம் போட்டால் வெயில் உச்சத்தில் இரண்டு மாதத் தரவு காலி. ஃபைபர் படகுக்காரர்களை முதலிலேயே சேருங்கள், கூலியையும் திட்டத்தில் எழுதுங்கள்.

பகிரும் அட்டவணையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். கருவியின் கீழ்வரம்பையும் பக்கத்திலேயே போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கூடத்தில் அதைப் பூஜ்யம் என்று எடுத்துச் சராசரி போடுவார்கள்.