சந்தையை மூடுவதா, பிரித்து நடத்துவதா?

கேள்வி: எங்கள் ஊர் மொத்தக் காய்கறிச் சந்தையில் வியாபாரிகள் சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். கொரோனா போல இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்யலாம் என்று நகராட்சி எங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. மூடச் சொல்வதா, திறந்து வைக்கச் சொல்வதா?

பதில்: சென்னை கோயம்பேடு மொத்தச் சந்தையில் 2020-இல் கொரோனா பரவிய கதையை முதலில் உங்கள் கூட்டத்தில் பேசுங்கள். ஏப்ரல் 26 முதல் சென்னை, மதுரை, கோவையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். இடையில் இருந்தது ஒரே நாள். 25-ஆம் தேதி கடைகளிலும் சந்தைகளிலும் மக்கள் முண்டியடித்தார்கள். தொற்று முழுவதும் அந்த ஒரு நாளில் வந்ததென்று சொல்ல மாட்டேன். முன்பே உள்ளே புகுந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டிவிட்டது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடுவதற்குள் கூலித் தொழிலாளர்கள் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பிவிட்டார்கள். அங்கெல்லாம் நோயாளிகள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

ஆகவே சந்தையைப் பிரித்து நடத்த அனுமதி கேளுங்கள். மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு அடைத்த இடமும் நெருக்கமும்தான் தீனி. மொத்த வியாபாரம் ஒரு திறந்த மைதானத்தில், சில்லறை வியாபாரம் வேறிடத்தில் என்று ஆக்கினாலே நெருக்கம் பெரிதும் குறையும். நேரத்தைக் குறைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். பத்து மணி நேரத்தில் வருகிறவர்களை நான்கு மணி நேரத்தில் வரச் சொன்னால் நெரிசல்தான் மிஞ்சும். நேரத்தைக் கூட்டித் தரக் கேளுங்கள்.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். கொரோனா, அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குத் தொற்றியது. சந்தைக்குள்ளேயே வாரம் ஒருமுறை பரிசோதனை முகாம் கேளுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது கூலியைப் பற்றி. மூட்டை தூக்குகிறவருக்கு அன்றாடக் கூலி அன்றன்றைக்குத்தான். உடம்பு சுட்டாலும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தனிமையில் இருக்கும் நாட்களுக்கு நகராட்சி பாதி, சங்கம் பாதி என்று கூலி கொடுக்க இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

மூடவே கூடாதென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பும் நிலை வந்தால் சில வாரம் மூடத்தான் வேண்டும். அப்போதும் லாரிகள் கிளம்புவதற்கு முன்பே தகவல் போய்ச் சேர வேண்டும். சரக்கு இறங்க வேண்டிய மாற்று இடமும் தயாராக இருக்க வேண்டும். கோயம்பேட்டுக்குப் பதிலாகத் திருமழிசையில் திறந்த தற்காலிகச் சந்தை மழை பெய்ததும் சேறானது. உங்கள் ஊர் மைதானத்தை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலை நகராட்சிப் பொறியாளரோடு போய், லாரி திரும்ப முடிகிறதா என்று பாருங்கள்.