வெண்டைக்கும் பருத்திக்கும் என்ன சொந்தம்? கேள்வி பதில்

கேள்வி: வெண்டைப் பூவும் பருத்திப் பூவும் ஒரே சாயலில் இருக்கின்றன. உண்மையிலேயே உறவா?

பதில்: நெருங்கிய உறவு. இரண்டும் மால்வேசி என்ற தாவரக் குடும்பம். செம்பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் அதே வீடுதான். செம்பருத்தியின் நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மகரந்தத்தாள்கள் ஒட்டி உண்டான குழல் அது. சூல்தண்டு அதற்குள்தான் ஓடுகிறது. வெண்டையிலும் இதே அமைப்பு, குழல் மட்டும் குட்டை.

கேள்வி: துத்தி இலை வெல்வெட் மாதிரி இருக்கிறதே, அந்த மயிர் குடும்ப அடையாளமா?

பதில்: அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கை லென்ஸில் பாருங்கள், ஒரே புள்ளியிலிருந்து கதிர்கள் விரியும் நட்சத்திரத் தூவிகள் தெரியும். மால்வேசியில் இது சாதாரணம். சரி, கத்தரி இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் நட்சத்திரம்! சுண்டையிலும் உண்டு. ஆனால் இவை சொலானேசி என்ற வேறு குடும்பம். கத்தரிப் பூவில் மகரந்தத்தாள்கள் ஐந்துதான், குழலாக ஒட்டுவதில்லை. மகரந்தப்பையின் நுனித் துளை வழியே மகரந்தம் உதிரும். நட்சத்திரத் தூவி இரண்டு குலங்களிலும் தனித்தனியே தோன்றியது. அதனால் இலையைப் பார்த்து ஊகியுங்கள், பூவைப் பிரித்து உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: பருத்தியும் இலவம்பஞ்சும் ஒன்றா?

பதில்: இல்லை. பருத்தி இழை விதைத்தோலின் ஒரே ஒரு செல் நீண்டு வந்தது. இலவம்பஞ்சு காயின் உட்சுவரில் முளைப்பது. அதனால்தான் இலவ விதை லேசாக உதிர்ந்துவிடுகிறது, பருத்திக்கு இழையையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங் தேவைப்படுகிறது. ஆனாலும் இரண்டு மரபும் சொந்தமே. இலவம் முன்பு பாம்பகேசி என்ற தனிக் குடும்பத்தில் இருந்தது, கொக்கோ ஸ்டெர்குலியேசியில். 1998இல் ஏபிஜி, அதாவது டிஎன்ஏவை வைத்துப் பூக்கும் தாவரங்களைப் பிரிக்கும் வகைப்பாடு, இவற்றை மால்வேசியோடு சேர்த்தது. டிஎன்ஏ தவிர பூவிலும் சாட்சி இருக்கிறது: இந்தக் கூட்டத்தில் தேன் சுரப்பது பெரும்பாலும் புல்லிவட்டத்தின் (இதழ்களுக்கு வெளியே இருக்கும் உறை) உட்பக்கம் நெருக்கமாக நிற்கும் சுரப்புத் தூவிகளில். தூவியும் பூவும் ஒரே இடத்தில் சேர்ந்து சாட்சி சொல்வதால் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்.

கேள்வி: அப்புறம் வெண்டையை ஏன் செம்பருத்திப் பேரினத்தில் வைக்கவில்லை?

பதில்: லின்னேயஸ் 1753இல் அங்கேதான் வைத்தார். பின்னால் பிரித்தார்கள், காரணம் புல்லிவட்டம். வெண்டையில் அது ஒரு பக்கம் கிழிந்து, இதழ்களோடு கழன்று விழும். செம்பருத்தியின் ஹைபிஸ்கஸ் பேரினத்திலேயே உள்ள புளிச்சக்கீரையில் காயோடு கடைசிவரை நிற்கும். பூ வாடிய மறுநாள் வெண்டைப் பிஞ்சின் அடியைப் பாருங்கள், ஒரு வளையத் தழும்பு மட்டும் இருக்கும்.