விலை விழுந்த வருஷத்தில் மாந்தோப்பு: கேள்வி-பதில்

கே: குடியாத்தம் பக்கம் மூன்று ஏக்கர், மொத்தமும் பெங்களூரா, ஜூஸுக்குப் போகும் மா ரகம். ஜூஸ் ஃபேக்டரி விலைக்குப் போட்டால் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறவில்லை. காயை மரத்திலேயே விட்டுவிடலாமா? மரத்தையே வெட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

ப: இரண்டும் வேண்டாம். காயை விட்டால் அது பழுத்து விழும், பழ ஈ அதில் பெருகும், புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டும். அடுத்து, சீசன் கடைசியில் வருகிற நீலம் ரகம் அத்தனையும் சொத்தை. ஒரு வருஷம் என் தோப்பில் கோபத்தில் அப்படி விட்டேன். நீலத்தை நறுக்கினால் உள்ளே வெள்ளையாக நெளிகிறது, சந்தையில் வாங்கிய அம்மா திரும்ப வந்து என் முன்னாலேயே பழத்தைப் பிளந்து காட்டினார். பறிக்கக் கட்டுபடியாகாவிட்டாலும் விழுந்ததைப் பொறுக்கி இரண்டடிக் குழியில் போட்டு மூடுங்கள். ஆண் பழ ஈயை இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறி மாட்டுங்கள், மரத்தடியை லேசாகக் கொத்திவிடுங்கள்.

மரத்துக்கு வருவோம். சிக்கல் மரத்தில் இல்லை, ஒரே ரகத்தை ஒரே மாதிரி ஆளிடம் விற்பதில்தான். நம் பெங்களூரா சித்தூர், கிருஷ்ணகிரி ஜூஸ் ஃபேக்டரிகளை நம்பி நிற்கிறது. 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் வெளிமாநிலப் பெங்களூரா காய்க்குத் தடை போட்டது. அங்கே கேட் சாத்தினால் இங்கே நம் வண்டி நின்றுவிடும்.

வெட்டத்தான் வேண்டுமென்றால் பாதி மரங்களைத் தலை மாற்றி ஒட்டுக் கட்டுங்கள், அதாவது அதே வேரில் வேறு ரகம் ஏற்றுங்கள். காய்ப்பு முடிந்ததும் நாலைந்தடி உயரத்தில் வெட்டி, வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். கிளம்பும் துளிர்களில் நல்லதாக ஐந்தாறு விட்டு மீதியைக் கிள்ளி, பென்சில் கனம் வந்ததும் ஒட்டுக் கட்டலாம். ஒட்டுக்குச்சியை, காய்ப்பைக் கண்ணால் பார்த்த மரத்திலிருந்தே எடுங்கள். வேர் பழசு என்பதால் மூன்றாம் வருஷமே காய் பார்க்கலாம். பங்கனப்பள்ளியும் செந்தூராவும் போதும். இமாம் பசந்துக்கு விலை உண்டு, காய்ப்புதான் கஞ்சத்தனம். அதுவரை இடைவெளியில் கொள்ளோ வேர்க்கடலையோ விதையுங்கள். மீதிப் பாதி பெங்களூரா இருக்கட்டும், விலை திரும்பும் வருஷமும் வரும்.

கே: பூவிலேயே குத்தகை பேசி அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? (பேரணாம்பட்டு)

ப: கையில் காசில்லாதபோது பூவில் பேசுவது வழக்கம்தான், தப்பில்லை. பூவில் பேசினால் காற்றும் மழையும் அவர் தலையில், பிஞ்சில் பேசினால் விலை உங்களுக்குக் கொஞ்சம் கூடும். மருந்துச் செலவு யாருடையது, உதிர்ந்த காய் யாருக்கு, பாக்கிப் பணம் எந்தத் தேதிக்குள், இந்த மூன்றையும் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "காய் ஏறினதும் தர்றேன்" என்ற பேச்சை நம்பி நான் இழந்ததை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

கே: காட்பாடி உழவர் சந்தையில் நானே விற்க ஆசை. கல் வைக்காமல் பழுக்க வைப்பது எப்படி, ஐயா?

ப: கார்பைடு கல் சட்டப்படியே தடை, தொடவே வேண்டாம். முதலில் முற்றின காயாகப் பறிக்க வேண்டும். காம்படித் தோள் புடைத்திருக்கிறதா பாருங்கள். சந்தேகமென்றால் வாளித் தண்ணீரில் போடுங்கள்: மூழ்கினால் முற்றல், மிதந்தால் இளசு. வலை கட்டிய துரட்டியால் கொஞ்சம் காம்போடு பறித்து, பிறகு காம்பைக் கிள்ளி, பால் வடியக் கவிழ்த்து வையுங்கள். பால் தோலில் பட்டால் கறுப்புத் தழும்பு விழும், விலை குறைக்க அது ஒன்று போதும். காற்றோட்டமான அறையில் வைக்கோல் பரப்பி இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்கினால் ஐந்தாறு நாளில் பழுக்கும். தினம் ஒரு தரம் அழுகலைப் பொறுக்குங்கள். சந்தையில் கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அவர்களே தருவார்கள், விவசாயி அடையாள அட்டை மட்டும் வேண்டும். சிட்டா, அடங்கலோடு சந்தை அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: மருந்துக்கும் ஆள்கூலிக்கும் நகையை அடகுக் கடையில் வைக்கலாமா?

ப: கடைசியாக. முதலில் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள், தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு (விவசாயக் கடன் அட்டை) என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது.

கே: காற்றில் உதிர்ந்த காய்?

ப: பிஞ்சென்றால் மாவடு. பெரிய காயை நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் காய வைத்தால் வற்றல். வெயிலுக்கு நம் வேலூரில் பஞ்சமா? ஈரம் போகச் சுக்காகக் காய்ந்தபின் டப்பாவில் அடையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தெருவிலேயே விற்றுப்போகும்.